மூதேவிக்கு ஒரு திருத்தம்

பெரியக்கா உயிரோடு இருந்தவரை அவள் பாட்டைப் பற்றி எழுத்தில் வந்த ஒரே விமர்சனம், ஆஸ்பத்திரி லாண்டரியின் சுவரில் ஒட்டப்பட்ட ‘வேலை நேரத்தில் சத்தம் தவிர்க்கவும்’ என்கிற காகிதம்தான். அவள் இறந்து பத்து மாதம் கழித்து அதே ஆஸ்பத்திரியின் தலைவர் அவளுக்கு இசை அஞ்சலி நடத்தினார். இடையில் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. யாரோ ஒரு நோயாளியின் மருமகன் ஜன்னலுக்கு வெளியே நின்று போனில் பதிவு செய்திருந்த இரண்டு நிமிஷப் பாட்டு வானொலியில் வந்தது. கேட்டவர்கள் உருகினார்கள். உருகியவர்கள் குழு அமைத்தார்கள். குழுவில் இருந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட அவள் பாடி நேரில் கேட்டதில்லை என்பதால் கருத்து வேறுபாடு எதுவும் எழவில்லை.

அழைப்பிதழில் அவளை ‘நாட்டுப்புறக் குயில்’ என்று போட்டிருந்தார்கள். லாண்டரியில் அவளை யாரும் பறவையோடு ஒப்பிட்டதில்லை. சைரன் என்றுதான் சொல்வார்கள்.

அவளுடைய தம்பி மனைவியை எல்லோரும் சின்னக்கா என்றார்கள். பெரியக்காவும் சின்னக்காவும் நாத்தனார் உறவு. பத்தொன்பது வருஷம் ஒரே பெட்ஷீட்டின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து மடித்தவர்கள். இருவர் உதறி, நடந்து வந்து, மூலையை மூலையோடு சேர்த்து, பின்னால் போய், மறுபடி நடந்து வர வேண்டும். இந்த நடைக்குத்தான் பாட்டு:

மூலையப் புடி மூதேவி
முன்னால வாடி மூதேவி
முட்டாம நில்லு மூதேவி
முடிஞ்சுது போடி மூதேவி

மூதேவி என்பது சின்னக்கா. வேலையில் சேர்ந்த முதல் நாள், துவைத்துக் காய்ந்த பெட்ஷீட்டை ஈரத் தரையில் அவள் நழுவவிட்ட கணத்தில் கிடைத்த பெயர். அதற்குப் பிறகு நாத்தனார் அவளை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. வேறு யாரும் அப்படிக் கூப்பிட நாத்தனார் விட்டதுமில்லை.

அஞ்சலிக்கு லாண்டரிப் பெண்கள் பன்னிரண்டு பேரும் போனார்கள். பதினான்காவது வரிசை. சின்னக்காவின் கணவர் ஆஸ்பத்திரியில் பாய்லர் பார்ப்பவர். இந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் வாழ்ந்து பழகியதால் பாய்லர் இரைச்சலையே அமைதி என்று நினைப்பவர். அவரும் வந்திருந்தார். தொகுப்பாளினி முதல் வாக்கியத்திலேயே தொண்டை அடைத்துப் போனாள். இரண்டாவது வாக்கியத்தில் குழு உறுப்பினர்களின் பட்டங்களைச் சொல்ல வேண்டியிருந்ததால் தொண்டை சரியாகிவிட்டது. பிறகு ஒரே நிறச் சால்வையில் நாற்பது பேர் எழுந்து நின்றார்கள். வயலின்கள் இழுத்தன. புல்லாங்குழல் அழுதது. பாட்டு வந்தது:

மூலையைப் பிடித்திடு மாதேவி
முன்னே வந்தருள் மாதேவி

லாண்டரிப் பெண்களின் கைகள் பழக்கத்தில் மடியிலேயே மடிக்கத் தொடங்கி, இரண்டாவது வரியில் திணறி நின்றன. அந்த வேகத்தில் மடித்தால் ஒரு வார்டுக்குப் பெட்ஷீட் போய்ச் சேர்வதற்குள் நோயாளி குணமாகி வீட்டுக்குப் போயிருப்பார்.

“யாருங்க அந்த மாதேவி?” என்று கணவரைக் கேட்டாள் சின்னக்கா. மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் லாண்டரி மெஷின்களுக்கு மேலே பேசிப் பழகிய மெதுவு அது. ஏழு வரிசை திரும்பிப் பார்த்தது.

இடைவேளையில் அவள் நேராகப் புலவரிடம் போனாள். புலவர் கல்லூரியில் தமிழ் சொல்லித் தருபவர். ஊரே அவரைப் புலவர் என்றது, அவரும் மறுத்ததில்லை. பாட்டைச் செப்பம் செய்தது அவர்தான் என்று மேடையில் மூன்று முறை சொன்னார்கள்.

“ஐயா, பாட்டுல இருந்த மூதேவி எங்க போனா?”

புலவர் டீக் கோப்பையைச் சாஸரில் வைத்தார். “அது திருத்தப்பட்ட பாடம்மா. பதிவு தெளிவா இல்ல. அந்த இடத்துல ஒரு கொச்சைச் சொல் மாதிரி காதுல விழுது. அவ்வளவு பெரிய கலைஞர் அப்படிப் பாடியிருக்க மாட்டாங்க. ஆய்வு பண்ணி, மாதேவின்னு மீட்டெடுத்தோம்.”

“மீட்கறதுக்கு நான் என்ன அடகா வெச்சேன். அவங்க மூதேவின்னுதான் பாடினாங்க. என்னைத்தான் பாடினாங்க.”

“உங்களை அப்படித் திட்டியிருப்பாங்கன்னு நம்ப என் மனசு இடம் குடுக்கலம்மா.”

“உங்க மனசுல நான் எதுக்குய்யா இடம் கேக்கப் போறேன். பத்தொன்பது வருஷம் எதிர்ல நின்னு வாங்கிக்கிட்டது நான்.”

“மறைந்தவங்க மேல குறை வரக்கூடாதுன்னு நாங்க பாக்கறோம்.”

“குறையா? மூலைக்கு மூதேவிதான்யா சேரும். முன்னாலன்னா மூதேவி, முட்டாமன்னா மூதேவி. மூவுக்கு மூ. நடுவுல இந்த மா எங்கேருந்து வந்துச்சு?”

மோனையைப் பற்றி இரண்டு தொகுதி எழுதியிருந்த புலவர், மணி அடித்துவிட்டதாகச் சொல்லி உள்ளே போனார். மணி அதற்குப் பிறகுதான் அடித்தது.

பஸ்ஸில் கணவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு, “மாதேவின்னா மரியாதைதானே. விடேன்,” என்றார்.

“உங்க அக்கா என்னை மரியாதையாப் பேசினது எப்பன்னு ஞாபகம் இருக்கா?”

அவருக்கு இருந்தது. அதனால்தான் வெளியே பார்த்தார். நாத்தனாரின் குரல் காதைக் கிழிக்கிறது என்று பக்கத்து வீட்டில் சின்னக்கா சொன்னது, பத்து நிமிஷத்தில் நாத்தனாரின் காதுக்கு வந்து சேர்ந்த சமயம் அது. மறுநாள் காலை லாண்டரியில் பெரியக்கா, “வாங்க. மூலையப் புடிங்க,” என்றாள். அவ்வளவுதான். மூன்று மாதம் அவள் வாயில் வாங்க, போங்க, புடிங்க, வைங்க. பாட்டு இல்லை. உதறும்போது துணி அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சின்னக்கா பலமுறை வேண்டுமென்றே மூலையை நழுவவிட்டுப் பார்த்தாள். “பரவாயில்லைங்க, எடுத்துக்குங்க,” என்று பதில் வந்தது. அதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம்.

பிறகு சின்னக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி மேல் மாடி வார்டில் படுத்திருந்தாள். நாலாம் நாள், வார்டுக்குத் துணி கொண்டுபோவது தன் வேலையே இல்லை என்றாலும், பெரியக்கா ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் நிறுத்தினாள்.

“எத்தனை நாள் படுத்துக்கிட்டே இருப்ப மூதேவி. எதிர்ல ஆள் இல்லாம நான் தாடையில இடுக்கி மடிச்சுக்கிட்டுக் கெடக்கேன்.”

சின்னக்கா தையல் வலிக்க வலிக்க அழுதாள். நர்ஸ் ஓடி வந்து ஊசி போட்டாள். ஊசி தேவைப்படாத அழுகை என்று நாத்தனாருக்குத் தெரியும்.

“அந்தப் பேர இவங்க அழிக்கறாங்க,” என்றாள் சின்னக்கா பஸ்ஸில். “மாதேவின்னு பாடினா அந்தப் பாட்டுல நான் இல்ல. நான் இல்லன்னா அவங்க யாரப் பாத்துப் பாடினாங்க? சொவத்தப் பாத்தா?”

“என்ன பண்ணப் போற?”

“நாளைக்கும் பாடப் போறேன்.”

திங்கட்கிழமை லாண்டரிச் சுவரில், பழைய ‘சத்தம் தவிர்க்கவும்’ இருந்த இடத்தில், தங்க எழுத்தில் ஒரு பலகை மாட்டியிருந்தது. பாட்டு முழுவதும். கீழே தலைவரின் பெயர் பாட்டைவிடப் பெரிதாக. வெள்ளிக்கிழமை நினைவு வீடியோ எடுக்கக் குழு வருகிறது, இனி வேலை நேரத்தில் பலகையில் உள்ளபடியே பாட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது.

பெண்களில் மூத்தவள் தடித்த கண்ணாடி போட்டவள், கண்ணாடிக்காரி. அவள் பலகையருகே போய் எழுத்துக் கூட்டினாள். “வந்தருள்னா என்னடி?”

“சாமியக் கூப்பிடறாங்க. வந்து பெட்ஷீட் மடிக்கச் சொல்லி,” என்றாள் பக்கத்தில் நின்றவள்.

“வரட்டும். வந்தா ஐசியூ துணிய அது கையில குடுத்துட்டு நாம லீவு போடலாம்.”

சூப்பர்வைசர் அம்மா சின்னக்காவைத் தனியாகக் கூப்பிட்டாள். கெட்டவள் இல்லை. மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் நடுவில் நின்று நின்று முதுகு வலி வந்தவள்.

“எனக்கும் பிடிக்கலதான். மேலேருந்து சொல்றாங்க. மான்னு சொல்லிட்டுப் போயேன். ஒரு எழுத்துதானே.”

“ஒரு எழுத்துதான்னா அவங்க விட்டுக் குடுக்கட்டும்.”

“அழுக்கு ரூமுக்கு மாத்தச் சொல்றாங்கம்மா உன்னை.”

அழுக்கு ரூம் என்பது வார்டுகளிலிருந்து வரும் மூட்டைகளைப் பிரிக்கும் இடம். முழங்கை வரை கையுறை. துணிக்குள் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. ஊசி இருக்கும், ஸ்பூன் இருக்கும், ஒருமுறை ஒரு பல் செட் சிரித்துக்கொண்டு வெளியே வந்தது. யாரும் அங்கே மூன்று மாதத்துக்கு மேல் தாங்கியதில்லை. எல்லாவற்றையும்விட, அங்கே தனியாகத்தான் வேலை. எதிரில் ஆள் கிடையாது.

“கையுறை என் அளவுல இருக்கா?” என்று கேட்டாள் சின்னக்கா.

செவ்வாய் முதல் அவள் அங்கே. மடிக்கிற கூடத்துக்கும் அழுக்கு ரூமுக்கும் நடுவில் ஒரு சுவரும், சுவரில் மூட்டை தள்ளும் ஓட்டையும் உண்டு. காலையில் அந்த ஓட்டை வழியாக ‘மூலையப் புடி மூதேவி’ என்று கேட்கும். கூடத்தில் யாரும் பதிலுக்குப் பாடவில்லை. பலகையைப் பார்த்தும் பாடவில்லை. மூன்று நாள் உதறல் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் சின்னக்காவுக்கு ஏற்கெனவே பழக்கமானதுதான், பிடித்ததில்லை.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. தலைவர், தலைவரின் மனைவி, புலவர், கேமரா, கேமராவுக்கு முகம் துடைக்க ஓர் ஆள். வீடியோ எடுப்பவர் சுற்றிப் பார்த்துவிட்டு, “குடும்பத்து ஆள் ஒருத்தர் ஃப்ரேம்ல வேணும் சார்,” என்றார். சூப்பர்வைசர் அம்மா ஓட்டையில் குனிந்து கூப்பிட்டாள். சின்னக்கா கையுறையைக் கழற்றி, கை கழுவி, வந்து நின்றாள். தலைவரின் மனைவி எதிர் மூலையைப் பிடிக்க வேண்டும், அதுதான் காட்சி. அந்த அம்மாள் உற்சாகமானவர். வளையலை மேலே தள்ளிக்கொண்டு பிடித்தார்.

சின்னக்கா உதறினாள். பாடினாள்.

“மூலையப் புடி மூதேவி...”

புலவரின் கை தானாக எழுந்தது. கூடத்தில் பதினோரு பெண்களும் கைவேலையை நிறுத்தினார்கள். தலைவரின் மனைவி மூலையை விடாமல், “என்னையா சொல்றீங்க?” என்று கேட்டார். கோபமாக இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசையில்.

“இல்லம்மா. உங்களுக்கு அந்தப் பேரு தர முடியாது. அது என்னோடது. வேணும்னா இங்க வேலைக்குச் சேருங்க, பத்தொன்பது வருஷம் மடிங்க, அப்புறம் பாக்கலாம்.”

“கட்,” என்றார் வீடியோ எடுப்பவர்.

தலைவர் முன்னால் வந்தார். மேடைக் குரல் அவரை விட்டுப் போகவே இல்லை. “அம்மா, உங்க நாத்தனாருக்கு நாங்க செய்யற மரியாதை இது.”

“அவங்க மரியாதையாப் பேசினா கோவமா இருக்காங்கன்னு அர்த்தங்க. மூணு மாசம் அனுபவிச்சிருக்கேன். மரியாதையெல்லாம் நீங்களே வெச்சுக்குங்க. மூதேவிய மட்டும் திருப்பிக் குடுங்க.”

“பலகை மாட்டியாச்சும்மா. அஞ்சலி மலரும் அச்சாகியாச்சு. இனிமே எப்படி மாத்தறது?”

“மூதேவிய மாதேவியா மாத்தத் தெரிஞ்சவங்களுக்கு மாதேவிய மூதேவியா மாத்தத் தெரியாதா?”

தலைவர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் தரையைப் பார்த்தாள். சின்னக்கா யாரும் சொல்லும் வரை காத்திருக்கவில்லை. பெட்ஷீட்டின் தன் பக்கத்து மூலைகளைச் சேர்த்துத் தலைவர் மனைவியின் கையில் வைத்துவிட்டு, “நான் அங்கயே இருக்கேன். அங்க பலகை இல்ல,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குடும்பம் இல்லாமலே எடுக்கலாம் என்று முடிவானது. பதினோரு பெண்களையும் வரிசையாக நிறுத்தினார்கள். ஜோடிக்கு ஆள் குறைந்ததால் சூப்பர்வைசரையும் ஓர் ஓரத்தில் பெட்ஷீட்டோடு நிற்க வைத்தார்கள். புலவர் ஒருமுறை பாடிக் காட்டினார். வீடியோ எடுப்பவர் கையைக் காட்டினார். கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு பாட்டை எடுத்தாள்.

“மூலையப் புடி...”

“மூதேவி,” என்றது கூடம்.

“அம்மா, மாதேவி. மா,” என்றார் புலவர்.

“கண்ணாடி இல்லைங்க. பலகை தெரியல. பழக்கத்துல வருது.”

இரண்டாவது முறையும் பழக்கத்தில் வந்தது. மூன்றாவது முறை ஓட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது. நான்காவது முறை வேகம் பிடித்துவிட்டது. கூடத்தில் இருந்த பெட்ஷீட் அத்தனையும் மடிந்து அடுக்கில் ஏறின. ஐந்தாவது முறை எடுக்கத் துணி இல்லை.

“விடுங்க சார். சவுண்ட எடுத்துட்டுப் புல்லாங்குழல் போட்டுக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது,” என்றார் வீடியோ எடுப்பவர்.

அடுத்த வாரம் வீடியோ வெளிவந்தது. நாலு நிமிஷம். மெல்லிய புல்லாங்குழல், மேலே புலவரின் உரை, நடுவில் ‘முன்னே வந்தருள் மாதேவி’ என்று எழுத்து மிதந்து வந்தது. சாப்பாட்டு வேளையில் எல்லோரும் அழுக்கு ரூம் வாசலுக்கு வந்தார்கள். கண்ணாடிக்காரி போனைச் சின்னக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். சின்னக்காவின் கையில் கையுறை இருந்ததால் அவளால் தொட முடியவில்லை.

“பாட்டே கேக்கலியே,” என்றாள் சின்னக்கா.

“கேக்க வேணாம். வாயப் பாரு.”

‘மா’ என்றால் வாய் திறக்கும். ‘மூ’ என்றால் குவியும். மொழி அறிந்த எவருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை, குழுவைத் தவிர. எழுத்தில் மாதேவி மிதக்கும்போதெல்லாம் அதன் பின்னால் பதினோரு வாய்கள், கேமராவை நேராகப் பார்த்து, ஒன்றாகக் குவிந்தன. ஒரு வரிக்கு ஒருமுறை. நாலு வரிக்கு நாலு முறை.

சின்னக்கா தலையைச் சாய்த்துத் திரையின் ஓரத்தைப் பார்த்தாள். “இது யாரு, பன்னிரண்டாவது?”

பெட்ஷீட்டைப் பிடித்துக்கொண்டு, தலைவர் இருந்த பக்கம் பார்க்காமல், சூப்பர்வைசர் அம்மாவின் வாயும் குவிந்திருந்தது. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தூரத்தில் மேஜையில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டில் மும்முரமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு தடவ போடு,” என்றாள் சின்னக்கா.