யாருடைய டாசன்?

ஊர் கிரிக்கெட் அணியின் பழைய ஸ்கோர் புத்தகத்தைக் குப்பையில் போடவிருந்தார்கள். அலெக் டாசன் சண்டை போட்டு அதை வீட்டுக்கு எடுத்துவந்தார். எழுபத்தாறு வயதில் கண் மங்கினாலும் 1961-ஆம் வருஷத்துப் பக்கம் அவர் விரலுக்குத் தெரியும்.

யார்க்‌ஷயர் மலையடிவாரத்து ஸ்கெல்பியில் தடுக்கி விழுந்தால் ஒரு டாசன் மேல்தான் விழ வேண்டும். எந்தக் காலத்திலோ டேவிட் என்று ஒருவன் இருந்தானாம், செல்லமாக டாவ். அவன் வழி வந்தவர்கள் டாவ்-சன், அதாவது டாவ் மகன்; அதுவே டாசன் ஆயிற்று. ரொட்டிக்கடை டாசன், சந்து டாசன், ஆடு மேயும் மேடுகூட டாசன் மேடு. கிரிக்கெட் அணியிலேயே ஏழு டாசன்கள். அப்பன் பெயரைச் சொன்னால்தான் ஆள் விளங்கும். அதனால் புதிதாக ஒருவன் மட்டையோடு இறங்கினால், ஸ்கோர் எழுதும் ஹெர்பர்ட் யார் பிள்ளை என்று கத்துவார். பெற்றவன் பதில் சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம்.

அலெக்குக்கு அதுதான் பயம். நான்கு வயதில் அம்மா ஆனியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஊருக்கு வந்தவன் அவன். அவளைக் கட்டிக்கொண்ட நெட் டாசன் பள்ளிக்கூடத்தில் தன் பெயரைக் கொடுத்தார். ஊர் கொடுக்கவில்லை. ஊருக்கு அவன் எப்போதும் ஆனி பையன்தான். நெட்டோ ஆடுகளோடு பேசுவதில் பாதிகூட மனிதர்களோடு பேசாதவர். மைதானத்துப் பக்கமே வரமாட்டார்.

1961-இல் ஒரு சனிக்கிழமை, இருபது வயதில், அலெக் முதல்முறையாக இறங்கினான்.

"யாரு புள்ளப்பா இது?" என்றார் ஹெர்பர்ட்.

"ஆனி பையன்னு எழுதிட்டுப் போயேன்" என்று யாரோ முனகினார்கள். அலெக் தலையைக் குனிந்துகொண்டான்.

கல்சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. நெட். அன்று ஆடுகளை யாரிடம் விட்டுவந்தாரோ.

"என் புள்ள. நெட் மவன் அலெக்னு எழுது. பேனாவுல மை இருக்குல்ல?"

ஹெர்பர்ட் எழுதினார்.

முதல் பந்திலேயே நடு ஸ்டம்பு பறந்தது. அலெக் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே வெளியேறினான். இவனுக்கு மறை கழண்டுவிட்டதோ என்று எதிரணிக்காரர்கள் பார்த்தார்கள்.

"என் புள்ளன்னு சொல்லி அஞ்சு நிமிஷம் ஆவல, அதுக்குள்ள மானத்த வாங்கிட்டியேடா" என்றார் நெட்.

"ஆமாப்பா."

அதுவரை அவன் அவரை நெட் என்றுதான் கூப்பிட்டிருந்தான். அவர் மட்டையை வாங்கித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

இப்போது அந்தப் பக்கத்தில் மை மங்கிவிட்டது. நெட் மகன் அலெக், பூஜ்யம். பிற்பாடு அலெக் சதமும் அடித்திருக்கிறார். அது எந்தப் பக்கம் என்று நினைவில்லை.