மக்நீலின் களம்

ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடக்கூட நேரமில்லை. சுவரில் சாய்த்துவிட்டு, கோட்டாட்சியர் அலுவலகப் படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள் விஜிலா. மணி பத்து ஐம்பத்தெட்டு. பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்தார் இனிகோ, மாதா கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை. அவர் மார்போடு அணைத்திருந்தது பங்குக் கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேடு.

"ஏளா, மெதுவாப் போ! இது கிழிஞ்சா சாமியாரு என் தோலை உரிச்சிருவாரு."

"பதினோரு மணிக்கு உள்ள இல்லன்னா களமே போச்சு அண்ணாச்சி. உங்க தோலா பெருசு?"

களம் என்றால் தூத்துக்குடிக் கடலோரத்தில் கருவாடு காயும் களம். விஜிலாவின் தெருவில் அறுபது வீட்டுக்கும் அதுதான் சோறு. அதைத் தன் முப்பாட்டன் சொத்து என்று மனுப் போட்டிருந்தான் சென்னையிலிருந்து வந்த கிளைட்டன் மக்நீல். மனு ஜெயித்தால் அங்கே ஹோட்டல் எழும்பும்.

உள்ளே கிளைட்டன் கால்மேல் கால் போட்டிருந்தான். "வந்துட்டாங்களா? மீன் வாசனை முன்னாடியே வந்துடுச்சு."

"அந்த வாசனைக்குத்தான தம்பி இம்புட்டு தூரம் அலையுதீங்க?" என்றாள் விஜிலா.

கோட்டாட்சியர் அருணாசலவடிவு மேசையைத் தட்டினார். "மனுதாரர் சொல்லுங்க."

கிளைட்டன் ஒரு தானப் பத்திரத்தை நீட்டினான். வருடம் 1852. அடியில் பழுப்பேறிய கையெழுத்து: எம் என்ற ஆங்கில எழுத்து, அதன் தோளில் சின்னக் கொக்கி, பிறகு நீல். மக் என்பதை அந்தக் காலத்தில் அப்படித்தான் சுருக்குவார்கள். அந்த மக்நீல், முத்து வாங்க வந்து இங்கேயே தங்கிவிட்ட ஸ்காட்லாந்து வியாபாரி.

"'என் குடும்பப் பெயர் பெற்ற பிள்ளைகளுக்கும் அவர்கள் சந்ததிக்கும் இந்தக் களம்.' அவர் மகன் சேவியர் மக்நீல். அந்த வம்சம் நான். வாக்காளர் பட்டியல் முழுக்கத் தேடிட்டேன் மேடம், ஊர்ல வேற மக்நீலே கிடையாது."

"பத்திரம் உண்மைதான்னு நானும் ஒத்துக்கிடுதேன். எழுதிக்கோங்கம்மா," என்றாள் விஜிலா.

இனிகோவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அருணாசலவடிவு எழுதிக்கொண்டார். கிளைட்டன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

விஜிலா பதிவேட்டைத் திறந்தாள். அதே கொக்கி, அதே நீல். "வாசிங்க அண்ணாச்சி."

"1841. குழந்தை சேவியர். தகப்பன் முத்துக்குளிக்கிற சந்தியாகு. ஞானத்தகப்பன்..." இனிகோ கண்ணாடியை ஏற்றினார். "மக்நீல்!"

"சேவியர் அந்த வெள்ளைக்காரருக்குப் பிறக்கல தம்பி. எங்க தெருவுல, ஞானஸ்நானத்துல பிள்ளைய ஏந்தி நிக்கிற ஞானத்தகப்பனோட குடும்பப் பேருதான் பிள்ளைக்கு. சென்னையில அது உங்களுக்குத் தெரியாமப் போச்சு."

கிளைட்டன் முகம் வெளிறியது. சட்டென்று நிமிர்ந்தான். "இருக்கட்டுமே! பேரு வந்துச்சுல்ல? பத்திரம் கேட்குறது அதைத்தானே?"

"வாஸ்தவம். உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு."

"உங்களுக்கும்னா?"

"பக்கத்தைத் திருப்புங்க அண்ணாச்சி."

ஒரு பக்கம். இரண்டு. ஏழு. தெருவில் பிறந்த முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் அதே ஞானத்தகப்பன்.

"அவங்கல்லாம் செத்து நூறு வருஷமாச்சு!" கிளைட்டன் கத்தினான். "இப்ப யாரு இருக்கா அந்தப் பேருல?"

விஜிலா பைக்குள்ளிருந்து கோயில் முத்திரை குத்திய சான்றிதழ்க் கட்டை எடுத்து வைத்தாள். "எங்க அறுபது வீடும் இந்தப் பிள்ளைங்க வம்சந்தான்மா, வீட்டுக்கு ஒரு சான்றிதழ். சர்க்கார் ஏட்டுல எங்களுக்கு இனிஷியல் மட்டுந்தான். குடும்பப் பேரு கோயில் ஏட்டுலதான் கெடக்கு."

அருணாசலவடிவு ஒவ்வொன்றாகப் புரட்டினார். அறுபதையும் புரட்டி முடித்துப் பேனாவின் மூடியைக் கழற்றினார். "தனி உரிமை கேட்ட மனு தள்ளுபடி. களம் தெருவுக்கே."

ஜன்னலுக்கு வெளியே காத்துநின்ற தெருப் பெண்களின் குலவைச் சத்தம் கட்டடத்தையே தூக்கியது.

"உத்தரவுல பதியணும்," அருணாசலவடிவு சிரிப்பை அடக்கிக்கொண்டார். "உங்க முழுப்பேரு சொல்லுங்க."

"விஜிலா மக்நீல்."