கறிக்கடைக்கு நின்ற வண்டி

காலையில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போன தெங்ஃபா, மதியம் திரும்பி வந்து ஒரு பாலித்தீன் பையைச் சமையல் மேடையில் வைத்தான். உள்ளே இரண்டு பன்றிக்கால்கள்.

"நூல் சேமியா போட்டு ஆக்கிக் குடு" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் புருஷனுக்கு யூரிக் ஆசிட். கல்யாண வீட்டில்கூடப் பன்றிக்கால் தட்டை என் பக்கம் தள்ளிவிடுகிறவன். எங்கள் ஊரில் பன்றிக்கால் சேமியா வெறும் ஆசைக்குத் தின்கிற சாப்பாடு இல்லை. ஜெயிலிலிருந்து வந்தவனுக்கும் விபத்தில் பிழைத்தவனுக்கும் பீடை கழிய ஆக்கிப் போடுவது. நான் பையைத் தொடாமல் வாசலுக்குப் போனேன். எங்கள் நீல வண்டியின் வலப்பக்கக் கண்ணாடி உடைந்து ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. தகரத்தில் நீளமாக ஒரு கீறல், அதில் யாருடைய வண்டியிலிருந்தோ வந்த சிவப்பு பெயிண்ட். உள்ளே திரும்பினேன்.

"யாரை இடிச்ச?"

"கால்வாய்ப் பாலத்து முக்குல. ஒரு அம்மா, ஸ்கூட்டர்ல வந்துச்சு. அதுவாத்தான் வந்து ஒரசுச்சு, யூச்சின். பச்சை வெளக்கு எனக்குத்தான்."

"நின்னியா?"

"தலைய நீட்டித் திரும்பிப் பாத்தேன். எந்திரிச்சு உக்காந்துட்டா. கைய ஆட்டி, போ போன்னுட்டா."

"கறிக்கடைக்கு மட்டும் நின்னியாக்கும்!"

விழுந்தவளுக்கு நிற்காத வண்டி. இத்தனை வருஷம் இவனோடு குப்பை கொட்டியிருக்கிறேன், கெட்டவன் இல்லை. பயந்தாங்கொள்ளி. ஊரில் பாதிக் கெடுதலைப் பயந்தாங்கொள்ளிகள்தான் செய்கிறார்கள்.

"மீன்கடை பின்ஹுய்க்கு என்னாச்சு? இடிச்சது சமாதானம் பேசி முடிஞ்சிருச்சு. ஓடுனதுக்குத்தான் உள்ள தள்ளுனாங்க. அவளுக்கு ஏதாவது ஆயிருந்தா உனக்கு ஏழு வருசம் வரைக்கும் போகும். முக்குல கேமரா இருக்கு. அவங்க தேடி வர்றதுக்குள்ள நாமளே போய் நின்னா ஜட்ஜு கொஞ்சம் மனசு எறங்குவாரு."

"போன்னுதான சொன்னா? அவளே போகச் சொன்னா, அது எப்படி ஓடுனதாகும்?"

"எப்படி ஆட்டுனா? காட்டு."

உள்ளங்கையை வெளியே காட்டித் தள்ளினான்.

"என்னப் பாத்துக் காட்டு."

பார்த்தான். கையைத் தூக்கினான். இந்தத் தடவை உள்ளங்கை கீழே கவிழ்ந்தது. விரல்கள் நான்கும் அவன் பக்கமாக மடங்கின, ஒரு தடவை, இன்னொரு தடவை. வா, வா. தன் கையைத் தானே பார்த்தவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் வண்டிச் சாவியை எடுத்து அவன் மடியில் போட்டேன்.

"ஆக்கி, ஒரு வாய் தின்னுட்டுப் போலாமே?"

"இடிச்சவன் திங்கறதுக்கில்ல இது. விழுந்தவளுக்குக் கொண்டுபோய்க் குடுக்கறது." பையை நானே எடுத்துக்கொண்டேன்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். முக்கில் ஒரு சிவப்பு ஸ்கூட்டர் ஓரமாகக் கிடந்தது. ரோடெல்லாம் அவள் கூடையிலிருந்த பூண்டுத்தாள் சிதறி, வண்டிகள் ஏறி நசுங்கியிருந்தது. அந்த அம்மாள் இல்லை. நடந்து போனாளா, தூக்கிக்கொண்டு போனார்களா, அதை நான் இறங்கிக் கேட்கவில்லை. ஒரு போலீஸ்காரர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். இன்னொருவர், மீசைகூட முளைக்காத முகம், தெங்ஃபாவின் பக்கம் நின்று வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் வண்டியில் ஓட்டுகிறவர் உட்காருவது இடப்பக்கம்; உடைந்த கண்ணாடி என் பக்கம் இருந்தது. அவர் கண்ணுக்கு அது படவில்லை.

எங்கள் வண்டி மெதுவானது. அவர் விசில் ஊதி, உள்ளங்கையால் காற்றைத் தள்ளினார்.

"போங்க, போங்க! வேடிக்கை பாக்காதீங்க!"

"ஸ்டேஷன்லயே போய்ச் சொல்லிக்கலாம், யூச்சின்" என்றான் தெங்ஃபா.

ஸ்டேஷனுக்கு இன்னும் இரண்டு முக்கு இருக்கிறது. அந்த இரண்டிலும் வேறு பக்கம் திரும்பலாம். எனக்கு அது தெரியும், அவனுக்கும் தெரியும். சொல்ல வேண்டியதையெல்லாம் வீட்டிலேயே சொல்லிவிட்டேன்.

பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். போலீஸ்காரர் மறுபடியும் கையைத் தள்ளினார். தெங்ஃபாவின் வலக்கை கியரில் இருந்தது. இடக்கை கதவின் கைப்பிடிமேல் போய் உட்கார்ந்திருந்தது. என் மடியில் பன்றிக்கால் பை கசிந்து, தொடையெல்லாம் சில்லென்று நனைந்துகொண்டிருந்தது.