நின்றுகொண்டு எழுதிய பாட்டு

1958 ஜூலை 21, திங்கட்கிழமை. காங்கேயம்–கோயமுத்தூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த பாலகோபாலுக்குக் கோயமுத்தூர்க் கோட்டைமேட்டிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது.

அனுப்பியவர் ஹார்மோனியம் பழுதுபார்க்கும் கலீல் ரஹ்மான். மதுக்கரைத் தொழிலாளர்கள் போடும் நாடகங்களுக்கு மெட்டமைப்பவர். அவருக்குப் பாட்டெழுத ஆள் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டுப் பாலகோபால் எழுதிப் போட்டிருந்தான். பதில் சுருக்கமாக இருந்தது. ஆகஸ்ட் பத்து, ஞாயிறு காலை வரவும். மெட்டு இங்கே தரப்படும். கூட உட்கார்ந்து எழுத வேண்டும். ஏற்கெனவே எழுதிய பாட்டு எதையும் கொண்டுவர வேண்டாம்.

பாலகோபாலிடம் இரண்டு நோட்டு நிறையப் பாட்டு இருந்தது. மொத்தம் தொண்ணூற்று மூன்று. ஒன்றுகூட அடுத்தவர் மெட்டுக்கு எழுதியதல்ல.

அட்டையைப் படித்த அவன் மனைவி ராமாமணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏனுங்க, தொண்ணூத்தி மூணுமே வேண்டாம்னுட்டாரா? படிக்காமயே கண்டுபுடிச்சுப்போட்டாரே."

"சிரிக்காத. மூணு வாரந்தான் இருக்குது. இத உட்டா என்னய வேற யாரு கூப்புடப் போறாங்க? நீ எதாச்சும் மெட்டுப் பாடு, நான் வார்த்தை போட்டுப் பழகறேன்."

அவளுக்குத் தெரிந்தது இரண்டு மெட்டு. புதன்கிழமைக்குள் இரண்டும் தீர்ந்துவிட்டன.

"என்ர சரக்கு அவ்வளவுதானுங்க. உங்க பஸ்ஸுல அம்பது பேரு சும்மாதான உக்காந்துட்டு வாராங்க, அவிங்களக் கேளுங்க" என்றாள்.

விளையாட்டாகச் சொன்னாள். மறுநாள் காலையே அவன் கேட்டுவிட்டான். பல்லடத்தில் வெற்றிலைக் கூடையோடு தினமும் ஏறும் ராசாத்தாள்தான் முதலில் மாட்டினாள்.

"ஏனுங்கக்கா, ஒரு மெட்டு முணுமுணுங்க. வார்த்தை வேண்டாம், தன்னானே போதும்."

"டிக்கெட்டும் வாங்கோணும், பாட்டும் பாடோணுமா கண்ணு?" என்றாலும், கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கும்மி மெட்டை எடுத்துக் கொடுத்தாள். சூலூர் வருவதற்குள் வார்த்தை போட்டுவிட வேண்டும் என்பது அவனே வைத்துக்கொண்ட சட்டம். மேல்கம்பியைப் பிடித்தபடி, பஸ்ஸின் ஆட்டத்துக்கு ஆடிக்கொண்டே பாடிக் காட்டினான்.

ராசாத்தாள் உதட்டைப் பிதுக்கினாள். "கும்மியடிக்கறவ மூச்சு வாங்க எடம் உட்டயா? இத்தன நீட்டுனா நடுவுல உழுந்துபோடுவா."

அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதினான். சிங்காநல்லூருக்கு முன்னால் சரியென்று தலையாட்டினாள்.

அன்று தொடங்கியது. மாட்டுத் தரகர் மருதாசலத்துக்குப் பாட வராது. தன் மயிலைக் காளையின் நடையைச் சீட்டுக் கம்பியில் தட்டிக் காட்டினார். அதற்குப் போட்ட வரியையும் அவர் விடவில்லை. "மணிச் சத்தம் மொதல்ல கேக்கும், மாடு அப்பறந்தான் தெரியும். நீ மாட்ட மொதல்ல ஓட்டிட்டு வார. ஒனக்கு மாடு விக்கறது சுலுவுதான்." பஸ்ஸே சிரித்தது. பாலகோபாலும் சிரித்துக்கொண்டே வரியை அடித்தான். இரண்டாவது வாரம் ஆட்கள் மெட்டோடு ஏறினார்கள். ஒரு நாள் அவன் விசில் ஊத மறந்து ஒருவரைச் சிங்காநல்லூர் தாண்டிக் கொண்டுபோய் இறக்கினான். அவரும் இறங்கும்போது குறை சொன்னது பாட்டின் இரண்டாவது அடியைப் பற்றித்தான்.

ஆகஸ்ட் பத்து. கலீல் ரஹ்மான் கடையின் மாடியில் ஜமக்காளம் விரித்திருந்தது. நாடகம் எழுதும் பள்ளி ஆசிரியர் வெங்கடபதி காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"இதுக்கு முன்னால ரெண்டு பேரு வந்தாங்க" என்றார் கலீல், டீயை நீட்டி. "வாத்தியார் ஒரு வரிய அடிச்சாரு. ரெண்டு பேருமே செருப்ப மாட்டிட்டுக் கெளம்பிட்டாங்க. இன்னைக்காச்சும் பாட்டு முடியுதான்னு பாக்கலாம்."

கிணற்று மேட்டில் ஒரு பெண், சந்தைக்குப் போனவனின் வண்டிக்காகக் காத்து நிற்கிறாள். அதுதான் கட்டம். கலீல் வாசித்தார்: தனதான தனதான தானா.

பாலகோபால் பென்சிலை எடுத்தான். ஒன்றும் வரவில்லை. கலீல் எட்டு முறை வாசித்தார். அரை மணி நேரம் போயிற்று. மூன்று வாரப் பழக்கம் எங்கே போயிற்று என்று அவனுக்கு விளங்கவில்லை. வெங்கடபதி ஒரு முறை கலீலைப் பார்த்தார்.

கால் மரத்துப்போய்ப் பாலகோபால் எழுந்தான். தடுமாறாமல் இருக்கக் கையை உயர்த்தி விட்டத்தைப் பிடித்தான். பிடித்ததும் உடம்பு தானாக ஆடத் தொடங்கியது.

"மலரோடு மதுவோடு நின்றேன்" என்று பாடினான்.

"கெணத்து மேட்டுல புள்ளைக்கு மது எதுக்குங்க?" என்றார் வெங்கடபதி. "மதுவிலக்குல நாடகத்துக்குப் போலீஸ் வந்துரும்." கோடு போட்டு அடித்தார். கலீலின் விரல்கள் கட்டையில் நின்றன.

"செரிங்க வாத்தியாரே, அது போகட்டும்." பாலகோபால் ஆடிக்கொண்டே இருந்தான். மருதாசலம் சொன்னது நினைவு வந்தது. "மணியோசை வருமென்று நின்றேன்."

வெங்கடபதி அதை அடிக்காமல் எழுதிக்கொண்டார். கலீல் இன்னொரு முறை வாசிக்க, "வழியோர நிழலோடு வந்தேன்னு மேல போட்டுக்கலாமா?" என்று வாத்தியாரே கேட்டார்.

"போடுங்க, போடுங்க. இப்பத்தான் அவ நடந்து வாரா" என்றான் பாலகோபால்.

"நீங்க உக்காரலாமுங்களே" என்றார் கலீல்.

"உக்காந்தா வரமாட்டீங்குதுங்க பாய். பஸ்ஸுலயே பழகிப்போட்டேன்."

கலீல் சிரித்ததில் துருத்தி அமுங்கி ஹார்மோனியமும் ஒரு சத்தம் போட்டது. அதற்கப்புறம் வெங்கடபதி நாலு வரி அடித்தார். பாலகோபால் நாலுக்கும் மாற்று சொன்னான். அவர் எழுதிய ஒரு வரிக்கு இவன், "பாடற புள்ளைக்கு மூச்சு வாங்க எடம் இல்லீங்களே" என்றபோது, அவர் படித்துப் பார்த்து அதையும் அடித்தார்.

ஒரு மணிக்குப் பாட்டு முடிந்தது. எட்டு வரி. அதில் ஐந்து பாலகோபாலுடையவை. அடுத்த ஞாயிறும் வரச் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிறு அவன் போனபோது ஜமக்காளத்தில் இருவருக்குத்தான் இடம் ஒதுக்கியிருந்தது. விட்டத்தில் கைப்பிடியாக ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.