பிளசியின் நாக்கு

இண்டூர்ப் பக்கத்துப் பெரியநாயகத்தின் மகள் பிளசியின் முகத்தை யார் தொட்டாலும், தொட்டவர் சாகப்போகிற இடத்தை அவள் நாக்கு சொல்லிவிடும். எப்போது என்று சொல்லாது, எப்படி என்றும் சொல்லாது, இடம் மட்டும்தான். கொரோனா ஓய்ந்த அடுத்த மழைக்காலத்தில் வந்த காய்ச்சலில் இது தொடங்கியது. சூடு பார்க்கப் பெரியநாயகம் புறங்கையை அவள் நெற்றியில் வைத்தார். கண்ணைத் திறக்காமலே "கெணறு" என்றாள். அடுத்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்த பக்கத்து வீட்டு கோவிந்தம்மாளுக்கு "ரேசன் கடை" என்று வந்தது. அந்த வாரமே அரிசி வரிசையில் நின்றபடி கோவிந்தம்மாள் சரிந்து செத்தாள். பெரியநாயகம் மறுநாளே டிராக்டர் வைத்து மண்ணடித்துத் தன் கிணற்றை மூடினார். கோடையிலும் வற்றாத கிணறு, பார்த்தவர்களுக்கெல்லாம் வயிறெரிந்தது. மூடிய இடத்தில் கத்தரி நட்டார். செடி காய்ப்புக்கு வந்த சமயம், குனிந்து காய் பறித்தவரைப் பாம்பு தீண்டியது. அந்தக் கத்தரிப் பாத்தியை ஊரில் இன்றும் கிணறு என்றுதான் சொல்கிறார்கள்.

அவர் மனைவி லூர்தம்மாள் மகளைத் திட்டவில்லை, தொடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். வெளியே கிளம்பும் பிள்ளையின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டு அனுப்புவது அவர்கள் வீட்டு வழக்கம். இப்போது வாசலில் எட்டி நின்று காற்றில் போட்டாள். அப்பா செத்ததைவிட அதுதான் பிளசிக்கு வலித்தது.

தர்மபுரியில் நரம்பு டாக்டர் ஒருவரிடம் அழைத்துப் போனார்கள். அவர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பொறுமையாக விளக்கினார். முகத்தில் படுகிற உணர்ச்சி மூளைத்தண்டுக்குப் போகிறது, அங்கிருந்து நாக்கை அசைக்கிற நரம்புக்கு ஒரு குறுக்குப் பாதை உண்டு, சாப்பிடும்போது நாக்கு பல்லில் கடிபடாமல் தப்பிப்பது அந்தப் பாதையால்தான், எல்லோருக்கும் ஒற்றையடிப் பாதையாக இருப்பது இந்தப் பெண்ணுக்கு ரோடாக அகலமாகிவிட்டது என்றார். "அப்டின்னா பல்லு வர்றது நாக்குக்கு முன்னாலயே தெரிஞ்சிருதுங்களா டாக்டர்?" என்று கேட்டாள் லூர்தம்மாள். தெரியாவிட்டால் தினமும் கடிபடுமே என்று சிரித்தபடி, உணர்ச்சியைச் சோதிக்க அவர் பிளசியின் தாடையை விரலால் தொட்டார். "லிஃப்ட்டு" என்றது நாக்கு. அன்றிலிருந்து அவர் தன் கிளினிக்குக்கு மூன்று மாடி படியேறித்தான் போகிறார், உடம்பு இளைத்து ஆள் நன்றாகத்தான் இருக்கிறார்.

கொஞ்ச காலம் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் தேடி வந்தார்கள். "கட்டிலு" என்று கேட்டவர்கள் வாழைப்பழச் சீப்பு வைத்துவிட்டுப் போனார்கள். "புளியமரம்" என்று கேட்ட ஒருவர் ஊரிலிருந்த புளியமரங்களை எல்லாம் எண்ணிக்கொண்டு போனார், பிறகு அவரைப் பற்றித் தகவல் இல்லை. அப்புறம் வருகிறவர்களும் நின்றுபோனார்கள். பிளசியை ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிற காரிமங்கலம் ஆரோக்கிய பிரவீனுக்குக் கொடுத்தார்கள். முகத்தைத் தொடுவதில்லை என்று அவன் வாக்குக் கொடுத்தான், காப்பாற்றவும் செய்தான். நல்ல பையன், ஆனால் தூக்கத்தில்கூட முதுகு காட்டியே படுத்தான்.

பெண் குழந்தை பிறந்ததும் பிளசிக்குப் புதுப் பயம் பிடித்தது. பால் குடிக்கிற பிள்ளை அம்மா முகத்தைத் தடவாமல் இருக்குமா? தடவினால் பிள்ளைக்கான இடத்தைத் தன் நாக்கே சொல்லிவிடும், தன் காதே கேட்டுவிடும். அதை மட்டும் தெரிந்துகொள்ளாமல் செத்துப்போக வேண்டும் என்று அவள் தினமும் ஜெபித்தாள். கணவனின் ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் பால் கொடுத்தாள். தெருவே சிரித்தது. குழந்தை ஹெல்மெட்டையே அம்மா என்று நினைத்து, பைக்கில் வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் கை நீட்டியது.

ஞானஸ்நானத்துக்கும் ஹெல்மெட்டோடுதான் கோயிலுக்கு வந்தாள். சாமியார் ஹெல்மெட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். ஜாஸ்மின் என்று பெயர் சொல்லி, முறைப்படி குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைந்தார். அம்மாவின் முகத்துக்கு அத்தனை காவல் வைத்தவர்கள், பிள்ளைக்கும் ஒரு முகம் இருப்பதை யோசிக்கவில்லை. அன்றுவரை யார் தொட்டாலும் சிரிக்கவும் அழவும் மட்டுமே தெரிந்திருந்த, பல் முளைக்காத ஐந்து மாதக் குழந்தை தெளிவாகச் சொன்னது: "பீடம்."

சாமியார் தான் தினமும் பூசை வைக்கிற பீடத்தைத் திரும்பிப் பார்த்தார், முகத்தில் சிறு நிறைவுகூடத் தெரிந்தது. பிறகு, ஞானப்பெற்றோரும் பெற்றோரும் வரையலாம் என்றார். ஞானத்தகப்பன் சவுரியப்பன் அதற்குள் பழக்க தோஷத்தில் கட்டைவிரலை வைத்துவிட்டான். "பஸ்சு" என்றது குழந்தை. வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்தவன் அவன். ஞானத்தாய் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பிரவீன் தரையைப் பார்த்தான். பின்வரிசையில் லூர்தம்மாள் பேத்தியை நோக்கிக் காற்றில் சிலுவை போட்டாள்.

அதைப் பார்த்ததும் பிளசிக்குத் தாங்கவில்லை. தொடப்படாத முகத்தோடு வாழ்வது என்னவென்று அந்தக் கோயிலில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஹெல்மெட்டைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தாள்.

"வேணாம்டி கண்ணு," என்றாள் லூர்தம்மாள்.

பிளசி குழந்தையின் நெற்றியில் நிதானமாகச் சிலுவை வரைந்தாள். அதோடு நிற்காமல் இரண்டு கன்னத்தையும் உள்ளங்கையால் தடவினாள். "அடுப்படி" என்றது குழந்தை. சாமியார் தண்ணீர் ஊற்றிச் சடங்கை முடித்தார்.

வீட்டில் விருந்தாளிகள் காத்திருந்தார்கள். "நீ உள்ள போவாத, நான் பாத்துக்கறேன்," என்றான் பிரவீன்.

"எத்தினி நாளைக்குப் பாப்பீங்க? வந்தவங்க பசியோட உக்காந்திருக்காங்க," என்று சொல்லிவிட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். கேஸ் பற்றவைத்துக் குக்கரை ஏற்றி, அது கொதிக்கும்வரை அங்கேயே நின்றாள். குழந்தை எட்டி அவள் கன்னத்தைப் பிடித்தது, அவள் முகத்தை விலக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்ததால், அவள் நாக்கு என்ன சொன்னது என்று வெளியே இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. அடுப்பைத் தணித்தாள், குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள், வெங்காயத்தை யாராவது உரித்துக் கொடுங்கள் என்று வெளியே குரல் கொடுத்தாள்.