வேலியில் கட்டிய கரும்பு

பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். காலை பதினொரு மணிக்குத் தூங்குகிறவனை எங்கள் ஊரில் யாரும் மதிப்பதில்லை. திருவனந்தபுரத்தில் இரவு வேலை பார்த்தவன் நான். அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் வேலை. ஒருநாள் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். வேலை போய்விட்டது. தூக்கம் மட்டும் பழைய நேரத்திலேயே நின்றுவிட்டது.

அப்பாவும் அம்மாவும் அன்று அப்பாவின் டயாலிசிஸுக்காக நாகர்கோவிலுக்குப் போயிருந்தார்கள். சோமன் என்ற அந்தப் போலீஸ்காரர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு வேலாயுதன் மாமாவிடம் விசாரித்திருக்கிறார். மாமா சொன்ன பதிலை அன்று மாலை மாமாவே வேலிக்கு அந்தப்பக்கம் நின்று சந்தோஷமாகச் சொன்னார்.

"அவிய தமிழ்நாட்டுக்காரங்களாக்கும், இஞ்ச சும்மா வந்து போவினும்னு சொன்னேன்."

"எதுக்கு மாமா அப்படிச் சொன்னிய?"

"பொய்யா மக்கா? எல்லாப் பொங்கலுக்கும் உனக்க அப்பன் இந்த வேலியில கரும்பு கெட்டி ஊருக்கே சொல்லுவான். நான் ஒருக்கா போலீசுக்குச் சொன்னேன். அம்புட்டுதான்."

அவர் சொன்னது உண்மை.

எல்லையோரப் பனச்சமூட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் எங்கள் இடம். வீடு கேரளத்தில். வீட்டுக்குப் பின்னால் ஒரு எல்லைக்கல். கல்லுக்கு அந்தப்பக்கம் மாட்டுத்தொழுவம், அது தமிழ்நாட்டில். ஒருகாலத்தில் அப்பாவின் சித்தப்பா அங்கே குடியிருந்தார். அவரும் செத்தார், கூரையும் விழுந்தது, வீடு தொழுவமாயிற்று. கதவு எண் மட்டும் சாகவில்லை. அப்பா வருடம் தவறாமல் அதற்கு வீட்டுவரி கட்டினார். அந்த எண்ணை வைத்து அவர் பெயரிலும் அம்மா பெயரிலும் தமிழ்நாட்டு ரேஷன் கார்டு வாங்கினார். என் பெயரும் அக்கா பின்சியின் பெயரும் கேரளக் கார்டில். எல்லையில் பாதி வீடுகள் இப்படித்தான். இரண்டு பக்கமும் கிடைப்பதை விடக்கூடாது.

ஆனால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு வாங்கினார்கள். அப்பாவுக்கு அது முடியாது. பொங்கல் பரிசில் வரும் முழுக்கரும்பைத் தின்னமாட்டார். மாமாவின் வேலியில் நிமிர்த்திக் கட்டிவைப்பார். "வேலாயுதா, உனக்க சர்க்காரு ஓணத்துக்கு என்ன தந்து? பப்படமா?" என்பார். மாமாவின் நிலம் முழுக்கக் கேரளத்தில். "ரெண்டு தோணியில கால வச்சிட்டுண்டு சத்தியதாசே. ஒருநாள் கவட்டை கிழியும்" என்பார் மாமா.

கிழிந்தது என்னுடையது.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். அக்காவின் புருஷன் சஜின் மஸ்கட்டில் ஒரு கிடங்கில் மேலாளர். அங்கே ஸ்டோர் கீப்பர் வேலை ஒன்றை எனக்காகப் பிடித்துவைத்திருந்தான். மாதக் கடைசிக்குள் பாஸ்போர்ட் நம்பர் வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் என்று சொல்லியிருந்தான். இதையெல்லாம் சோமனிடம் சொன்னேன். அவர் மிக்சர் தின்றுகொண்டே கேட்டார்.

"அப்பனும் அம்மையும் தமிழ்நாடு. கல்யாணம் கழியாத்த மகன் மட்டும் கேரளம். தனிக்குடித்தனமா?"

"எல்லாரும் ஒரே வீட்டிலதான் சார்."

"அப்போ அவங்க கார்டு?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"பக்கத்துல உள்ளவன் நீ இங்க தாமசம் இல்லன்னு சொல்றான். கதவு தட்டினா ஆள் இல்ல. நான் எப்படி எழுத? அப்பன் அம்மை கார்ட இங்க மாத்திக் கொண்டு வா. அன்னைக்கே நல்லபடியா எழுதுறேன்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

வீட்டில் சொன்னேன். அப்பா சட்டையைக் கழற்றிக் கையில் ஊசி குத்தி வீங்கிய இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கார்டு மாத்தினா தமிழ்நாட்டுக் காப்பீடு போவும். எனக்க ரத்தத்த பின்ன எவன் கழுவுவான்? சோமனா?"

"இங்கயும் ஆஸ்பத்திரி உண்டு."

"உண்டு. வரிசையும் உண்டு. நான் வரிசையில நிக்கியதுக்குள்ள நீ எனக்க பெட்டிக்கு ஆணி அடிச்சிருவ."

"கரும்பு கெட்டாம இருந்திருந்தா இது ஒண்ணும் வந்திருக்காது."

"எலே, வாற ஆளு வந்த நேரம் நீ முழிச்சு இருந்திருந்தாலும் வந்திருக்காது."

அம்மா நடுவில் வரவில்லை. அவள் எப்போதும் வருவதில்லை. அவித்த மரச்சீனிக் கிழங்கைக் கிண்ணத்தில் கொட்டி வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்து அப்பாவே ஒரு யோசனையோடு வந்தார். நானும் தமிழ்நாட்டுக்காரனாகிவிட வேண்டும். ஆதாரில் தொழுவத்தின் முகவரி, அதை வைத்துப் புதிய விண்ணப்பம். சஜின் மூக்கால் அழுது பதினைந்து நாள் கூடுதலாக வாங்கித் தந்தான். ஆதார் மாறியது, விண்ணப்பமும் போட்டேன். இனி தமிழ்நாட்டுப் போலீஸ் வந்து பார்க்கவேண்டும்.

பார்ப்பதற்கு அங்கே ஒரு பசுதான் இருந்தது.

அதை ரப்பர் தோட்டத்தில் கொண்டு கட்டினோம். தரையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். கட்டில் போட்டோம். சபைக் காலண்டரை ஆணியில் மாட்டினோம். கேஸ் அடுப்பு, கொடியில் என் சட்டைகள், டம்ளரில் ஒரு பிரஷ். தீனித்தொட்டியைப் பலகை போட்டு மூடி அதன்மேல் என் பழைய லேப்டாப்பை வைத்தார் அப்பா. தள்ளி நின்று பார்த்து, "கொள்ளாம், ஆபீஸ் மாதிரி உண்டு" என்றார்.

"போய்க் கிட" என்றாள் அம்மா. "பகலில உறங்கிப் படிச்சது இதுக்காவது உதவட்டு."

பொன்னுதாஸ் என்று ஒரு ஏட்டு வந்தார். ஒல்லியான ஆள். மழைக்கோட்டைக் கழற்றாமலே வாசலில் நின்று மூக்கை இழுத்தார்.

"இது என்ன வாசம்?"

"மண்ணுக்க வாசமாக்கும் சாறே" என்றார் அப்பா. "மழை பெய்யுதுல்லா."

"எனக்க வீட்டிலயும் மாடு உண்டு ஓய்." என்னைப் பார்த்தார். "ஜெனில்ங்கிறது நீதானா? எத்தன நாளா இஞ்ச தாமசம்?"

"பிறந்ததிலேருந்து."

"இந்தக் கட்டிலிலயா?"

வேலிக்கு அந்தப்பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். வேலாயுதன் மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாடகம் பார்க்க வந்தவர்போல் நின்றார்.

"கக்கூஸ் எங்க?" என்றார் பொன்னுதாஸ்.

அப்பா வீட்டைக் காட்டினார்.

"அது கேரளமல்லா?"

"ஆமா சாறே."

"அப்ப இவன் தமிழ்நாட்டில உறங்கி கேரளத்தில பேளுவான். கொள்ளாம்."

மாமா சத்தமாகச் சிரித்தார். அப்பா எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கழுத்துக் கயிறு மண்ணில் இழுபட, பசு வந்துவிட்டது. கறக்கிற நேரம். அதற்கு யாரும் விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. பொன்னுதாசை இடித்துக்கொண்டு உள்ளே வந்து, கட்டிலைத் தள்ளி, பலகையை முட்டியது. லேப்டாப் கீழே விழுந்தது. தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு அது சாணி போட்டது.

பொன்னுதாஸ் பூட்சை நகர்த்திக்கொண்டார்.

"வீட்டுக்காரி வந்தாச்சு" என்றார்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அப்பாவைத் தனியாக அழைக்காமல், என் முன்னாலேயே பேசினார். அந்த ஒன்றுக்காக அவரை மதிக்கிறேன்.

"ஓய், ரெண்டு வழி உண்டு. இந்தக் குடும்பம் முழுசும் கேரளத்து வீட்டிலதான் தாமசம், இஞ்ச மாடுதான் உண்டுன்னு நான் எழுதுவேன். இவன் அந்தக் காகிதத்தக் கொண்டு அங்க உள்ள போலீசுட்ட காட்டினா இவனுக்க காரியம் நடக்கும். ஆனா தாலுகாவில உங்க கார்ட வெட்டுவினும். இல்லன்னா விண்ணப்பம் வேண்டாம்னு இவன் எழுதித் தரட்டு. நான் மாட்டக் கண்டதில்ல."

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை.

"எழுதாண்டாம் சாறே" என்றார். "அவன் எழுதித் தருவான்."

என்னிடம் கேட்கவில்லை. மகனே, உனக்கு எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. தன் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கையில் நரம்பு கயிறுபோல் புடைத்துக்கொண்டிருந்தது.

"நீ சொல்லு" என்றார் பொன்னுதாஸ் என்னிடம்.

எழுதுங்கள் என்று சொல்லலாம். மஸ்கட். குளிரூட்டிய கிடங்கு, சம்பளம், கரும்பு இல்லாத ஊர். சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அப்பா செத்தால் அதற்குக் காரணமாக ஒரு பெயர் வேண்டியிருக்கும். சபையிலும் சந்தையிலும் அது என் பெயராக இருக்கும். அம்மா வாயால் சொல்லமாட்டாள், மரச்சீனிக் கிண்ணத்தை வைக்கும் விதத்தில் சொல்லுவாள். பாசம் என்று யாரும் இதை எழுதிவைக்க வேண்டாம்.

"காகிதம் தாங்க" என்றேன்.

கட்டிலில் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொன்னுதாஸ் அதை மடித்துக் கோட்டுக்குள் வைத்தார்.

"நிஜமாட்டு இஞ்ச குடியிருந்துக்கிட்டு அடுத்த வருஷம் போடு" என்றார். "நான் இல்லன்னாலும் எவனாவது வருவான். முதல்ல ஒரு கக்கூஸ் கெட்டு."

கேலியாகத்தான் சொன்னார். மாமா அதற்கும் சிரித்தார்.

வேலை வேறு ஒருவனுக்குப் போயிற்று. பின்சி அக்கா அழுது ஒரு குரல் செய்தி அனுப்பினாள். பாதிவரை கேட்டேன்.

கட்டிலை நான் வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போகவில்லை. தொழுவத்தை நடுவில் ஓலை கட்டிப் பிரித்தேன். ஒரு பாதி பசுவுக்கு, ஒரு பாதி எனக்கு. சமையல் அங்கேயே. அப்பாவோடு பேச்சு இல்லை. அம்மா மட்டும் கல்லைத் தாண்டி வந்து பாலைக் கறந்துகொண்டு போவாள்.

தை பிறப்பதற்கு முன் குழி தோண்டத் தொடங்கினேன். இடுப்பளவு போனபோது வேலிக்கு மேலே மாமாவின் தலை தெரிந்தது.

"எலே, என்ன குழி? அப்பனுக்கா?"

"கக்கூசுக்கு."

அவர் சிரிக்கவில்லை. குழியைப் பார்த்தார், கொடியில் கிடந்த என் துணிகளைப் பார்த்தார், போய்விட்டார்.

அன்றுதான் அப்பா ரேஷன் கடையிலிருந்து பொங்கல் பரிசோடு வந்தார். தோளில் கரும்பு. மூச்சு வாங்கியது. என்னைத் தாண்டி நேராக வேலிக்குப் போய், வாயில் கடித்திருந்த கயிற்றை எடுத்தார்.

நான் குழியிலிருந்து ஏறி, கரும்பைப் பிடுங்கினேன். முழங்காலில் வைத்து ஒடித்தேன். ஒருமுறையில் ஒடியவில்லை, இரண்டாவது முறை ஒடிந்தது. துண்டுகளைப் பசுவின் தொட்டியில் போட்டேன்.

"எலே, அது எனக்க கார்டுக்கு உள்ளதாக்கும்!"

"இது எனக்க வீடு" என்றேன்.

பசு தோகையை முதலில் தின்றது. அப்பா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். பிறகு கல்லைத் தாண்டிக் கேரளத்துக்குப் போனார். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழியில் இறங்கினேன்.