வலது தோளின் நான்காவது வரைவு

1

இந்தக் கதை செங்கல்பட்டில், பிசியோதெரபி அறைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தொடங்கியது. போனில் எழுதினேன்:

'சுதாகர் வலையை இழுத்தபோது தோளில் ஏதோ—'

[விட்டுவிட்டேன். 'ஏதோ' இல்லை. தோள் மூட்டை நான்கு தசைகளின் நாண்கள் உறைபோலச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. மேலே இருப்பது பாதி கிழிந்திருக்கிறது. என் ஸ்கேனில் பார்த்தேன்.]

2

'சுதாகர் படகு என்ஜினின் கயிற்றை ஒரே இழுப்பாக இழுத்தான்.'

இது நம்பும்படி இருக்கிறது. நானும் பி.காம். முடித்துவிட்டுத் திருவிடந்தையில் படகில் போகிறவன்தான். படகு என் மனைவியின் அண்ணன் காத்தவராயனுடையது. என் தோள் இப்படித்தான் போனது என்று அவனிடமும் சொல்லியிருக்கிறேன்.

"இன்னா மச்சான், கை எப்டிகீது? துணிக்கடை பொம்மை மாரியே தொங்கவுட்டுகினு கீற?"

"ஆறு வாரம் பயிற்சி. அப்பவும் தூக்க முடியலைன்னா ஆபரேஷன். அப்புறம் ஆறு மாசம்."

"ஆறு மாசமா? உன் எடத்துல வேற ஆளு குந்திக்குவான், சொல்லிட்டேன்."

3

பிசியோதெரபிஸ்ட் வைஷாலி என்னைக் கண்ணாடி முன் நிறுத்தினார். கையைப் பக்கவாட்டில் உயர்த்தினேன். தோள் மட்டத்தைத் தாண்டியது.

"சீட்டிங் பண்ணாதீங்க சார். கையா தூக்குது? கழுத்து தூக்குது. தோள் போய் காதுல ரகசியம் பேசுது பாருங்க."

கிழிந்த தசையின் வேலையைக் கழுத்துத் தசை எடுத்துச் செய்யும். கை உயர்ந்ததுபோல் தெரியும். கிழிசல் அப்படியே இருக்கும்.

"ஒரே இழுப்புல ஆனதா தெரியலையே. ரொம்ப நாள் வெயிட் தூக்கினீங்களா?"

சுதாகர்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான். கதைக்காக நான் உண்டாக்கிய அவன், நான் தூக்க வேண்டியதைத் தூக்கிக்கொண்டிருந்தான். அவனை நீக்குகிறேன்.

4

வினிதா என் மனைவி. பதினோரு மாதம் படுக்கை. கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கு, திரும்பக் கட்டிலுக்கு, நாளுக்கு ஆறேழு முறை தூக்கினேன். [ஆறேழா? எண்ணவில்லை.]

"வேற யாரும் என்னைத் தூக்க வாணாம்" என்றாள்.

கடைசி இரண்டு மாதம் தோள் வலித்தது. சொல்லவில்லை. சொன்னால் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள்.

அவளுக்குக் கொள்ளி வைக்கும்போது சுடுகாட்டில் குடத்தைத் தோளுக்கு ஏற்ற முடியவில்லை. நான் உடைந்துபோனேன் என்று நினைத்துக் காத்தவராயன் குடத்தைத் தாங்கிப் பிடித்தான். நான் அழவே இல்லை. கை ஏறவில்லை, அவ்வளவுதான்.

வைஷாலியிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ கீழே இருந்து ஆரம்பிப்போம்" என்றார். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். ரப்பர் பட்டையை மெதுவாக வெளிப்பக்கம் இழுக்க வேண்டும்.

5

முடிவுகள்:

(அ) ஆறாவது வாரம் கை உயர்கிறது. படகில் என் இடத்தில் உட்காருகிறேன்.

(ஆ) உயரவில்லை. ஆபரேஷன். வேறொருவன் உட்காருகிறான்.

(இ) காத்தவராயனிடம் உண்மையைச் சொல்கிறேன். தங்கையை நினைத்து இடத்தை வைத்திருக்கிறான்.

(இ)யை அடித்துவிட்டேன். சொல்வேன், கை உயர்ந்த பிறகு. மற்ற இரண்டில் ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று ஐந்தாவது வாரத்தின் இரண்டாம் நாள். பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கிறேன். பத்து முறை இழுக்க வேண்டும். நான்கு ஆயிற்று. மீதி ஆறை எழுத முடியாது. எழுதுகிற கையும் இதுதான்.